பாடியவர் என்ற இடத்தில்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது ஹஸீனா மொபைல்ஸ். ரீசார்ஜ், கவர், சார்ஜர், உடைந்த திரைக்குப் புதுக் கண்ணாடி எல்லாம் உண்டு. பொள்ளாச்சிக்குப் போகிற வேன்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கிற காலத்தில் இது எதற்கு என்று யாராவது கேட்டால், ஹஸீனாவிடம் பதில் தயாராக இருக்கும். மலை ஏறினால் சிக்னல் போய்விடும், பென்டிரைவ் பாட்டு போகாது.

கடையை மனைவி பேரில் திறந்தவன் நௌஃபல். ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு வேலை கற்றுக் கொடுத்தான். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சில கட்டங்கள் இருக்கின்றன. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம். பாடியவர் என்ற இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு 'ஹஸீனா மொபைல்ஸ்' என்று போட வேண்டும். ஆல்பம் என்ற இடத்தில் கடையின் போன் நம்பர். அவ்வளவுதான். வண்டியில் பாட்டு ஓடும்போதெல்லாம் ஸ்டீரியோவின் சின்னத் திரையில் கடைப் பெயர் ஓடும்.

"பாட்டு எங்க போனாலும் நீ கூடவே போவே புள்ள" என்று சிரித்தான் அவன்.

அதற்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. முதல் வருடம் தினமும் பேசினான். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிறகு பெருநாளைக்கு மட்டும். போன பெருநாளைக்கு இரண்டு நிமிடம் பேசினான். அதில் ஒரு நிமிடம் மகள் நஜ்லாவின் நர்சிங் படிப்பைப் பற்றி. நஜ்லா மங்களூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு ஆளும்தான். அந்த ஆளும் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடையில்.

அந்தப் பாட்டு வந்தது மாசி மாத வெயிலில். டெலிகிராமில் யாரோ போட்டு வைத்திருந்த பாட்டுகளை மொத்தமாக இறக்கும்போது அதுவும் சேர்ந்து வந்தது. இருநூறு பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பாடியவர் என்ற இடத்தில் கடைப் பெயரைப் போட்டு, ஒரே தட்டு. மதியச் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் ஒன்றொன்றாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்தக் குரலைக் கேட்டாள்.

*சங்கு ஊதி முடிஞ்சிருச்சு*
*சட்டிச் சோறும் ஆறிருச்சு*
*ஒத்த ஜீப்பு சத்தத்துக்கு*
*உசுரு எந்திருச்சுப் பாக்குது*

மேளம் இல்லை, பெரிய இசை ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு கிடார் தயங்கித் தயங்கி வந்தது. யாரோ ஒரு பெண், வேலை முடிகிற சங்குக்குப் பிறகும் வராத ஜீப்புக்குக் காத்திருக்கிறவள். சங்கீதம் படித்துப் பாடுகிற குரல் இல்லை. மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. ஹஸீனா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இதே குரலில் ஆறு பாட்டுகள் இருந்தன. ஆறையும் கேட்டு முடித்தபோது சட்டிச் சோறு உண்மையாகவே ஆறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து பென்டிரைவ் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஆறையும் சேர்த்தே ஏற்றினாள். கேட்காதவர்களுக்கும் ஏற்றினாள். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு நல்ல செய்தியை ஊருக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

தக்காளி வேன் ஓட்டுகிற பினுதான் முதலில் கேட்டான்.

"அக்கா, ஒரு காரியம் கேக்கணும். அந்த சங்குப் பாட்டு நீங்க பாடுனதா?"

"ஏண்டா அப்படிக் கேக்கற?"

"பாடறது ஹஸீனா மொபைல்ஸ்னுதானே ஸ்டீரியோல ஓடுது. எங்கம்மச்சி அதைக் கேட்டு அழுவுது. சத்தியமா. இவ்ளோ அடிபொளியாப் பாடிட்டு இங்க சார்ஜர் வித்துட்டு இருக்கீங்களே!"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. "போடா, போய் வண்டிய எடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை.

பக்கத்து டீக்கடை கமலாத்தாளுக்கு மறுநாளே செய்தி எட்டிவிட்டது. "ஏனம்மிணி, பாட்டெல்லாம் பாடுவியாமா? சொல்லவே இல்ல பாரு, கள்ளி!" என்று கன்னத்தைத் தொட்டாள். ஹஸீனாவின் கன்னத்தை யாரும் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதற்கும் சிரித்து வைத்தாள். அதன் பிறகு பஸ் கண்டக்டர்கள் கடையைத் தாண்டும்போது ஒரு விசில் அடித்துக் கையாட்டினார்கள். ஆறு வருடமாக மொபைல் கடைக்காரியாக இருந்தவள் இப்போது யாரோ ஒருத்தியாக ஆகியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனது வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, சொல்லுங்."

பதில் இல்லை. வெளியே பொள்ளாச்சி பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. போனுக்குள் மூச்சு மட்டும் கேட்டது. சீரில்லாத மூச்சு. "ஹலோ! ஆருங்க?" என்றாள் மறுபடியும். வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமையும் அதே நம்பர். அதே மூச்சு. நௌஃபலுக்கு ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்துவிட்டால் போனில் பேச மாட்டான். மூச்சு விட்டுக்கொண்டே இருப்பான். கல்யாணமான புதிதில் அவளுடைய வளையலைச் சொல்லாமல் அடகு வைத்தபோது அப்படித்தான் பத்து நிமிடம் மூச்சு விட்டான். அவள்தான் கடைசியில் "சரி, ஊட்டுக்கு வாங்க" என்று சொன்னாள்.

இது ஷார்ஜா நம்பர் இல்லை, கேரளா நம்பர். ஊருக்கு வந்துவிட்டானா? வந்து, முகம் காட்ட முடியாமல் எங்கேயோ இருக்கிறானா?

"நீங்களா?" என்று கேட்டாள், மெதுவாக. மூச்சு நின்றது, பிறகு அழைப்பும் துண்டிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் ஆட்கள் நிறைந்து கடைத்தெரு ஓய்ந்திருந்தது. கரண்டும் இல்லை. போன் அடித்த உடனே எடுத்தாள். எதிரில் பேச இடமே கொடுக்கவில்லை.

"பேச வேண்டாம். நான் பேசறேன், கேளுங்க. எங்க இருக்கறீங்கன்னு கேக்க மாட்டேன். கூட ஆரு இருக்கறாங்கன்னும் கேக்க மாட்டேன். கடையை நல்லாத்தான் பாத்துக்கறேன். நஜ்லாவுக்கு அடுத்த வருசம் படிப்பு முடியுது. ஆனா ஒண்ணு, ராத்திரி சோறாக்கறதையே விட்டுட்டேங்க. ஒருத்திக்கு என்னன்னு ஆக்கறது? ரெண்டு பன்னு, ஒரு டீ. இந்த ஊட்ல பேச்சுச் சத்தமே இல்லீங்க. ஒரு பொம்பள பாடறா, நான் கேட்டுட்டே இருக்கறேன், அவதான் எனக்குத் துணை. அவ பாட்டை நான்தான் பாடுனேன்னு ஊரெல்லாம் நெனைக்குது. நான் இல்லைன்னு சொல்லல. ஏன் தெரியுங்களா? அப்பத்தான் நாலு பேரு எங்கூடப் பேசறாங்க. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

அந்தப் பக்கம் மூச்சு ஒருமுறை தடுமாறியது. ஏதோ ஒரு உரசல் சத்தம். காகிதத்தைக் கசக்குவது போல. பிறகு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கடை திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது அதே நம்பரிலிருந்து அழைப்பு. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஹஸீனா மொபைல்ஸாம்மா?"

நௌஃபல் இல்லை. வயதான, கரகரத்த, தெற்கத்திப் பேச்சு.

"ஆமாங்" என்றாள்.

"சாந்தன்பாறையில இருந்து பேசுதேன். பேரு பெரியமுத்து. ஏலக்காட்டுக்கு ஆளு ஏத்துற ஜீப்பு ஓட்டுதேன். சங்கு ஊதி முடிஞ்சிருச்சுன்னு ஒரு பாட்டு இருக்குல்லா, அதப் பாடுனது யாரு?"

பழக்கம் அவளுக்கு முன்னால் ஓடியது. "ஏனுங்ண்ணா, புடிச்சிருக்குதுங்களா?"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லு தாயி. பூப்பாறையில ஒருத்தன் வண்டியில பாட்டு ஓடுது, திரையில உன் பேரு ஓடுது. நீயா பாடுன?"

"இல்லீங்."

அந்தச் சொல்லை முதல்முறையாகச் சொன்னாள். அது அவ்வளவு சிறிய சொல்லாக இருந்தது.

"அது எம் பொண்டாட்டி குரலு. பூமாரி. பாட்டு கட்டுனதும் அவதான்" என்றார் பெரியமுத்து. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கழுத்துல கட்டி. அறுத்தா குரல் போனாலும் போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆப்பரேசனுக்கு முந்தின வாரம் போடிக்குக் கூட்டிட்டுப் போயி ஆறு பாட்டு பதிஞ்சோம். ஆப்பரேசன் நல்லா முடிஞ்சுது. குரல் போயிருச்சு. இப்ப வாயத் தொறந்தா காத்துதான் வருது."

ஹஸீனா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்த போனெல்லாம்..."

"அவதான். இது எம் பாட்டு, நானே கேப்பேன்னு நின்னா. காதுல ஒட்டி வெச்சாத்தான் அவ பேசுறது கேக்கும். உங்க கடையில ஒரே வண்டிச் சத்தமாம். நேத்து நீங்க ஏதோ சொல்லி அழுதீங்களாம். அதுக்கு மேல கேக்க மனசு வரலன்னு எழுதிக் காட்டுனா. என்ன சொன்னீகன்னு எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கா. அது அவளுக்கும் உங்களுக்கும்."

ஹஸீனாவுக்கு வெட்கம் வந்தால் சண்டையும் கூடவே வரும்.

"நான் மட்டுமாங்ண்ணா? இன்டர்நெட்ல ஆரோ போட்டதுங். அது பாட்டுக்குக் கெடந்துச்சு, எடுத்தேன். ஊரே எடுக்குது."

"கெடந்தா எடுத்துக்கலாமா? எங்க காட்டுல ஏலக்கா கூடத்தான் தரையில கெடக்கும். சரி, எடுத்தது எடுத்த. பேர எதுக்கும்மா அழிச்ச?"

அழித்தோம் என்பதே அப்போதுதான் உறைத்தது. இருநூறு பாட்டுக்கு ஒரே தட்டு. அதில் யார் யார் இருந்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு குடுக்கோணும்னு சொல்லுங்" என்றாள் கடைசியில்.

"காசா?" அவர் சிரித்த மாதிரி இருந்தது. "அந்தப் பாட்ட இன்டர்நெட்ல ஒரு எடத்துல விக்க வெச்சிருக்கோம். யாராச்சும் வாங்குனா, வாங்குனவுக பேரு எங்க போனுக்கு வரும். இன்னார் உங்க பாட்ட வாங்கியிருக்காருன்னு. அவளுக்கு அதான் எல்லாம். திண்டுக்கல்ல ஒரு டீச்சரு, மலேசியாவுல ஒருத்தரு, சேலத்துல அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு. மொத்தம் நாப்பத்தியொரு பேரு. வரிசையா எழுதிக் காட்டுவா. பேச முடியாதவளுக்கு வந்து பேசிட்டுப் போற ஆளுக மாதிரி. ரெண்டு மாசமா ஒரு பேரும் வரல. எம் பாட்டு யாருக்கும் வேண்டாம்போலன்னு எழுதுனா. அடுத்த வாரமே பாத்தா, மலை பூரா ஓடுது. எல்லாரும் கேக்காக. அவளுக்கு ஒருத்தரையும் தெரியல."

வைப்பதற்கு முன் அவர் ஒன்றுதான் சொன்னார். "அழிச்சுருங்க. முடிஞ்ச வரைக்கும்."

அன்று மதியம் கம்ப்யூட்டரில் பழைய கோப்புகளைத் தேடினாள். பெயர் மாற்றுவதற்கு முன் டெலிகிராமிலிருந்து இறக்கிய பிரதி அப்படியே கிடந்தது. திறந்தாள். பாடியவர் என்ற இடத்தில் 'பூமாரி, சாந்தன்பாறை' என்று இருந்தது. ஒரு படமும் இருந்தது. ஜீப்பின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிற, ஒல்லியான, நாற்பத்தைந்து வயதுப் பெண். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். சிரிக்கவில்லை. படம் எடுக்கிறவரைப் பார்த்து, சீக்கிரம் எடுங்க என்று சொல்லப் போகிறவள் மாதிரி இருந்தாள். படம் எடுத்தவர் பெரியமுத்துதான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஹஸீனா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ஹஸீனாவை அப்படி ஒரு படம் யாரும் எடுத்ததில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

*சங்குப் பாட்டைப் பாடியவர் சாந்தன்பாறை பூமாரி. நான் அல்ல. இந்தப் பாட்டு உள்ள பென்டிரைவை எடுத்து வரவும். ஹஸீனா.*

முதலில் வந்தவள் கமலாத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்ப நீ பாடலியா?"

"இல்லக்கா."

"பின்னே அன்னிக்கு ஏன் சிரிச்சே?"

ஹஸீனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க கன்னத்தைத் தொட்டீங்க" என்று சொல்ல முடியுமா?

"நல்லா இருக்குது போ. எங்க அக்கா மக கல்யாணத்துக்கு நீ பாடறேன்னு சொல்லி வெச்சுட்டேன்" என்று முனகிவிட்டு, இரண்டடி போய்த் திரும்பினாள். "அதிருக்கட்டும், இந்த ஒரு பொம்பளையூட்டுப் பாட்டுக்கு இத்தனை பண்றியே, மிச்சப் பாட்டெல்லாம் ஆரூட்டுது?"

அந்தக் கேள்வி கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. மாலை வரை ஹஸீனா அதோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஷட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தாள். நௌஃபல் ஒட்டியது. பசை இறுகிப்போயிருந்தது. எழுத்து போனது, அதன் தடம் போகவில்லை.

விசில்கள் நின்றுபோயின. ஒரு கண்டக்டர் பஸ்ஸிலிருந்தே, "பாட்டுக்காரக்கா, பாட்டு எங்கக்கா?" என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. பென்டிரைவ் கொண்டு வந்தவர்கள் பதினோரு பேர். வராதவர்கள் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் வழியாக யார் யாருக்குப் போனதோ, அதுவும் தெரியாது. ஏற்றுவது ஒரு நிமிட வேலை. இறக்குவதற்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும்.

பினு பத்து நாள் கழித்து வந்தான். முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"எங்கம்மச்சிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"ஹஸீனா பொய்க்காரின்னு சொல்லு."

"அய்யே, அப்படியில்ல அக்கா..." தலையைச் சொறிந்தான். "அழிக்க வேண்டா. பேரை மட்டும் மாத்திக் குடுங்க. போதுமே. யாரு பாடுனாலும் பாட்டு நல்லதுதானே?"

அது அவளுக்கும் தோன்றியிருந்த வழிதான். லேசான வழி. ஒரு தட்டுத் தட்டினால் பூமாரியின் பெயர் திரும்பி வந்துவிடும். பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"உம் பேரு அவளுக்குத் தெரியாதேடா."

"எம் பேரா? எம் பேரு எதுக்கு?"

நாற்பத்தியொரு பேரைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆறு பாட்டையும் அழித்துக் கொடுத்ததும் பினு பென்டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "இத்தனை நாளு சும்மா கேட்டதுக்கு இனி காசாம்" என்று வேனுக்குள் யாரிடமோ சொல்வது கேட்டது. வண்டி போய்விட்டது.

அவன் போன பிறகு ஹஸீனா தன் போனை எடுத்தாள். பெரியமுத்து சொன்ன இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதே படம், அதே துண்டு. பணத்தைக் கட்டினாள். வாங்குபவர் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. வழக்கத்தில் விரல் 'ஹஸீனா மொபைல்ஸ்' என்று தட்டிவிட்டது. மொபைல்ஸை அழித்தாள். கொஞ்ச நேரம் வெறும் ஹஸீனாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினாள்.

ஆறு பாட்டும் அவள் போனில் மறுபடி இறங்கின. பாடியவர் என்ற இடத்தை அவள் தொடவில்லை.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாவது நாள், மதியம் இரண்டு மணிக்குக் கடை போன் அடித்தது. அந்த நம்பர். ஹஸீனா எடுத்து, "ஒரு நிமிசம் இருங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஷட்டரை இழுத்து மூடினாள். வெளியே யாரோ, "ஏனுங், கடை இல்லீங்களா?" என்று தட்டினார்கள். மேசைக்கு அடியில், பழைய கவர்களை அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு காதைக் கையால் மூடினாள்.

"சொல்லுங்க்கா" என்றாள்.

மூச்சு. அந்த மூச்சுக்குள் சொற்கள் இருந்தன. இத்தனை நாளும் இருந்திருக்கின்றன.

"உம் பேரு வந்துச்சு" என்றாள் பூமாரி. இலை உரசுகிற அளவு சத்தம். அதில் பாட்டின் சாயலைத் தேடினாள் ஹஸீனா. இல்லை.

"என்னை மன்னிச்சிருங்க்கா."

அதற்குப் பூமாரி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் அப்படிச் சேர்க்க வேண்டியிருந்தது.

"பினுன்னு ஒண்ணு வந்துருக்கு. யாரு அது?"

ஹஸீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "தக்காளி வேன் ஓட்டறான். வாய் நீளம். அவங்கம்மச்சிக்கு, அதான் அவங்கம்மாவுக்கு, உங்க பாட்டுன்னா உசுரு."

"அவங்க அம்மா பேரு என்ன?"

"தெரியலீங்க்கா. கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லு. எழுதி வெச்சுக்கிடுதேன்."

வெளியே பொள்ளாச்சி பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது போய் முடியும் வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஷட்டருக்கு அடியில் ஒரு விரல்கடை வெளிச்சம் இருந்தது. அதில் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

சத்தம் அடங்கியதும் பூமாரி கேட்டாள்.

"அவுக பேசுனாகளா?"

யார் என்று ஹஸீனா கேட்கவில்லை.

"இல்லக்கா."

மறுமுனையில் பூமாரி போனை வைக்கவில்லை. தூரத்தில், அந்த மலையில், ஒரு ஜீப் வந்து நிற்கிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. யாரோ "பூமாரி" என்று கூப்பிட்டார்கள். இப்போது வைத்துவிடுவாள் என்று ஹஸீனா நினைத்தாள்.

"இன்னிக்கு ராத்திரி சோறாக்கு" என்றது அந்தக் காற்று. "ஒருத்திக்குன்னாலும் ஆக்கு. நாளைக்கு இதே நேரம் கேப்பேன்."